வெள்ளிக்கிழமை துலக்கிய விளக்கு

அடி அண்ணாமலையில் வேதாவின் வீட்டு வாசலில் வெள்ளிக்கிழமை விடிந்தால் புளி வாசனை வரும். சாம்பலும் புளியும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு அவள் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிடுவாள். காமாட்சி விளக்கு, குத்துவிளக்குகள், தாம்பாளம், தீர்த்தச் சொம்பு என்று ஒவ்வொன்றாகத் துலக்கிக் கவிழ்த்து வைப்பாள். கடைசியில் கிண்ணத்தில் மிஞ்சிய புளியை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கும் வெள்ளைக் காரிடம் போவாள். அதன் முன்விளக்குகள் இரண்டையும் அதே நாரால் அதே பக்தியோடு வட்டம் வட்டமாகத் தேய்த்துக் கழுவி, சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைப்பாள்.

"சாமி ரூம்ல எரியறது புண்ணியத்துக்கு. இது சோத்துக்கு. ரெண்டும் வெளக்குதான்" என்பாள், யாராவது நின்று பார்த்தால்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவள் புருஷன் இருசப்பனுக்கு நிலம் என்று இருந்தது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிற ஒரு துண்டு மேட்டுக் கொல்லை. மழை ஏமாற்றினால் விதைத்த மல்லாட்டைகூடத் திரும்பி வராது. வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வாடகைக் காரால்தான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளியூர்க்காரர்களைச் சென்னை விமான நிலையத்துக்கும் பெங்களூருக்கும் அழைத்துப் போவான். இருசப்பன் கார் என்றால் ஏறினதும் தூங்கிவிடலாம் என்று விடுதிக்காரர்கள் சொல்வார்கள். அவன் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவனுக்குத் தெரியும். அந்தப் பேச்சைத் தன் சொத்து என்றே நினைத்திருந்தான்.

அந்த வருஷம் புரட்டாசியில் அவனுக்குள் ஒரு பயம் புகுந்தது. பொழுது சாய்ந்தால் சாலை மங்கியது. வெள்ளைக்கோடு தெரியவில்லை. மழை தூறினால் தார் ரோடு எது, ஓரத்து மண் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் கிரிவலப் பாதையில், கீழே விழுந்த தடியைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு சாமியாரை மிகக் கிட்டத்தில்தான் பார்த்தான். பிரேக் பிடித்துவிட்டான். சாமியார் நிமிர்ந்து, தன் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல நடந்து போய்விட்டார். இருசப்பனுக்குத்தான் ஸ்டீயரிங்கை விட்டுக் கை எடுக்க முடியவில்லை.

அவன் அப்பனுக்குக் கண் போனது இப்படித்தான். முதலில் மாலை நேரத்தில் தடுமாறினார். பிறகு பகலும் போயிற்று. கடைசிக் காலத்தில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மலையைச் சுற்றினார். கண் டாக்டரிடம் போனால் அதையேதான் சொல்வார்கள் என்று இருசப்பன் முடிவு கட்டிக்கொண்டான். சொல்லிவிட்டால் பிறகு எந்த நெஞ்சோடு அடுத்தவர்களைக் காரில் ஏற்றுவது? அதனால் போகவில்லை. வேதாவிடமும் வாய் திறக்கவில்லை.

டவுனில் காருக்கு அலங்காரச் சாமான் விற்கிற பாலாஜியிடம் போய், வெளிச்சம் பத்தவில்லை என்று மட்டும் சொன்னான். பாலாஜி நல்ல பையன்தான், வியாபாரமும் தெரிந்தவன். விளக்கைத் தட்டிப் பார்த்து, "வண்டிக்கு வயசாவுதில்லண்ணா, மங்கத்தான் செய்யும்" என்றான். பழைய மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி பல்பு போட்டான். பம்பரிலும் இரண்டு குட்டி விளக்கு மாட்டினான். போலீஸ் பிடிக்காதா என்று இருசப்பன் கேட்டதற்கு, ஊரில் பாதி வண்டி இதோடுதான் ஓடுகிறது என்று சிரித்தான்.

அன்று மாலை வீடு திரும்பும்போது மலையடிவாரத்து மரங்களெல்லாம் இலை இலையாகத் தெரிந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். கார்த்திகை வருவதற்குள்ளேயே இருசப்பன் மகா தீபம் ஏற்றிவிட்டான் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இருசப்பனும் சேர்ந்து சிரித்தான். நெஞ்சிலிருந்து கல் இறங்கின மாதிரி இருந்தது.

அவன் வீட்டிலிருந்து ஆசிரமத்துப் பக்கம் போகும் வழி, கிரிவலம் வருகிறவர்களுக்கு எதிர்த் திசை. விடியலில் நடக்கிறவர்களெல்லாம் அவன் காரைப் பார்த்தபடிதான் வருவார்கள். புது விளக்கு போட்டதிலிருந்து அவர்களில் பலர் கையைத் தூக்கினார்கள். டாக்ஸியைப் பார்த்துக் கும்பிடுகிறார்களே, என்ன ஜனங்கள் என்று அவன் உருகிப்போனான். சில நாள் பதிலுக்குத் தலையும் தாழ்த்தினான்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, மழை விட்டு, பாதையில் பனிப்புகை நின்றது. ஒரு வளைவில் எதிரே மொபட்டில் வந்த கஸ்தூரி சாலையை விட்டு இறங்கி ஓரத்து ஓடையில் கேனோடு விழுந்தாள்.

கஸ்தூரி அதே ஊர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீடு வீடாகப் பால் எடுத்து, டீக்கடைகளுக்கும் விடுதிகளுக்கும் ஊற்றிப் பிழைக்கிறவள். இருசப்பன் காரை நிறுத்திவிட்டு ஓடினான். அவள் ஓடைச் சேற்றில் உட்கார்ந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் இன்னும் அவள் முகத்திலேயே அடித்தது.

"யாரு அது, சூரியனையே இட்டாந்தது? மொதல்ல அத்த அணை."

"நான்தாம்மா, இருசப்பன்."

"நீயாண்ணா? கால் கெடக்குது. கேன்ல பால் எவ்ளோ மிஞ்சி கீது பாரு."

பால் கொஞ்சம்கூட மிஞ்சவில்லை. அவளைத் தூக்கிக் காரில் உட்கார வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். வழியெல்லாம், பார்க்கவே இல்லை, மன்னிச்சுடு என்று அவன் புலம்பிக்கொண்டே வந்தான். கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்த கஸ்தூரி, நடந்து வருகிறவர்கள் கையைத் தூக்குவதைக் கவனித்தாள். என்ன இது என்று கேட்டாள். கொஞ்ச நாளாகவே கும்பிடுகிறார்கள் என்று அவன் சொன்னான். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கும்புடறாங்களா? கண்ண மறைச்சிக்கினு உன்னத் திட்டறாங்கண்ணா. நான் கேஸ் கீஸெல்லாம் குடுக்க மாட்டேன். ஒரே ஒரு நாளு என் வண்டில உக்காந்து, உன் காருக்கு எதிருல வந்து பாரு. அது போதும்."

எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் தலையணை போல வீங்கிவிட்டது. கொஞ்ச நாள் ஊன்றக்கூடாது என்றார்கள். வேதா அவளை அவள் வீட்டுக்கு விடவில்லை. "ஒத்தையில போயி யாரு உனக்குக் கஞ்சி வைப்பாங்க?" என்று சொல்லித் தன் வீட்டுக் கட்டிலிலேயே படுக்க வைத்தாள்.

அடுத்த நாளே காருக்கு எஃப்சி. வாடகை வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறது என்று அரசாங்கம் கொடுக்கிற சான்று அது. அது இல்லாமல் காரைச் சாலையில் இறக்க முடியாது. கார்த்திகைக் கூட்டம் வரப்போகிறது. வருஷத்தில் நல்ல ஓட்டம் கிடைக்கிற மாதம். ஆய்வாளர் அருணாதேவி என்கிற அம்மா. குரல் உயர்த்தாமல் பேசுகிறவர். காரைச் சுற்றி வந்தார். விளக்கைப் போடச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, அணைக்கச் சொன்னார்.

கம்பெனி எந்த மாதிரி விளக்கோடு வண்டியைக் கொடுத்ததோ, அதை நம் இஷ்டத்துக்கு மாற்றிப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தரவில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். பல்பு தேய்ந்தால் அதே வகை, அதே அளவு பல்பு போட்டுக்கொள்ளலாம். பம்பரில் மாட்டினதைக் கழற்ற வேண்டும். பிறகு காருக்கு முன்னால் கொஞ்ச தூரம் தள்ளிப் போய் நின்றார்.

"விளக்கத் தாழ்த்திப் போட்டா, எட்டு மீட்டர் தள்ளி நிக்கற ஆளுக்குக் கண் கூசக்கூடாதுங்க. இதான் விதி. எதிர்ல வர்றவங்களும் வீடு போய்ச் சேரணும் இல்லையா?"

இருசப்பன் தலை குனிந்து நின்றான். எதற்காக இதைப் போட்டீர்கள் என்று அவர் கேட்டபோது, வெளிச்சம் பத்தவில்லை என்றான்.

"பத்தலைன்னா ஏன் பத்தலைன்னு பாருங்க. அதப் பாக்காம ஜாஸ்தி பண்ணிட்டே போனா, குறை அப்படியேதான் இருக்கும். மொதல்ல இந்தச் சந்தனத்தயெல்லாம் நல்லா துடைச்சிட்டு வாங்க. மறுபடி பாக்கறேன்."

ஏன் பத்தவில்லை என்று தனக்குத் தெரியும் என்று இருசப்பன் நினைத்தான். வீட்டுக்கு வந்து புது விளக்குகளையெல்லாம் கழற்றினான். டப்பாவில் கிடந்த பழைய பல்புகளை மாட்டினான். விளக்கு வைக்கிற நேரத்தில் காரை வீட்டுச் சுவரைப் பார்க்க நிறுத்தி வெளிச்சம் போட்டான். சுவரில் நீர்மோர் ஊற்றின மாதிரி ஏதோ மங்கலாகப் பரவிக் கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். அப்போதும் மோர்தான்.

உள்ளே வேதா களி கிளறிக்கொண்டிருந்தாள். அவன் கதவோரம் நின்றான்.

"காரை வித்துடலாம் வேதா."

"இன்னாத்துக்கு? லைட்டுதான கழட்டச் சொன்னாங்க?"

"லைட்டு இல்ல. என் கண்ணு. அப்பனுக்குப் போன மாதிரியே போவுது."

துடுப்பு சட்டியில் நின்றது. களி அடிபிடிக்கிற வாசனை வந்ததும் சட்டியை இறக்கி வைத்தாள். அழவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டாள். புரட்டாசியிலிருந்து என்றான். "அத்தினி நாளா ஒத்தையில தூக்கிக்கினு கெடந்தியா?" என்றாள். கோபம் வந்தால்தான் வேதா அவனை ஒருமையில் பேசுவாள். களியை உருட்டித் தட்டில் போட்டு, கீரைக் குழம்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றாள். அதற்குமேல் அவனைப் பேசவிடவில்லை. பிறகு சாமி அறைக்குப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலில் படுத்திருந்த கஸ்தூரிக்கு எல்லாம் காதில் விழுந்தது. விழாதது போலக் கிடந்தாள். அவளுக்கு வேறு கவலையும் இருந்தது. பால் ஊற்றாத ஒவ்வொரு நாளும் வாடிக்கைக்காரர்கள் பாக்கெட் பாலுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் விடியுமுன், ஓடையிலிருந்து மீட்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்த அவள் மொபட் கிளம்பும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தாள். இருசப்பன் கேன்களைக் கட்டிக்கொண்டிருந்தான். தன்னால் விழுந்தவளின் பிழைப்பைத் தானே கொண்டு செலுத்துவது என்று அவன் தீர்மானித்திருந்தான். கண் தெரியாமல் எப்படிப் போவீர்கள் என்று வேதா மறித்தாள். மெதுவாக ஓரமாகவே போகிறேன் என்றான். அவள் அவன் நெற்றியில் திருநீறு பூசி, தெரு முனை வரைக்கும் கூடவே நடந்து போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

விடிந்த பிறகு அவன் திரும்பி வந்தான். முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. வேதா விளக்குகளைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டுக் காரிடம் போயிருந்தாள். சந்தனத்தை நன்றாகத் துடைக்க வேண்டும் என்று அதிகாரி அம்மா சொன்னதால், வழக்கத்தைவிடப் புளி ஜாஸ்தி எடுத்துக்கொண்டு, நாரை அழுத்திப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிண்ணா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் புரியல கஸ்தூரி. உன் வண்டி லைட்டு கம்மிதான். ஆனா பள்ளம் தெரியுது. பள்ளத்துல நிக்கற தண்ணி தெரியுது. நடக்கறவங்க கால் வெரலு தெரியுது. ஒரு தவளை குறுக்கால போச்சு, அதுகூட தெரிஞ்சுது. கார்ல உக்காந்தா மட்டும் குருடனாயிடறேன்."

கஸ்தூரியின் பார்வை வேதாவின் கைமேல் இருந்தது. நார் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிர் வெயில் விளக்கில் பட்டது.

"அண்ணி, செத்த நிறுத்து. அது இன்னா, பித்தளையா?"

"வெளக்கு. பாத்தா தெரியல?"

"வெளக்குதான். மேல மூடி கீற கண்ணாடி பிளாஸ்டிக்குதான? எத்தினி வருசமா நாரு போட்டுத் தேய்க்கற?"

"வண்டி வாங்கின மொத வெள்ளிக்கெழமைலேர்ந்து. ஒரு வாரம் உட்டது இல்ல."

கஸ்தூரி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். கண்ணாடி போல இருந்த தன் பிளாஸ்டிக் பால் அளவையை ஒரு தரம் நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டதை அவள் சொன்னாள். அன்றிலிருந்து உள்ளே பால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வெளியே தெரியவில்லை. வாங்குகிறவர்கள் சண்டை பிடிக்கிறார்கள் என்று புதிதாக ஒன்று வாங்க வேண்டி வந்தது. ஒரு தரத்துக்கே அப்படி என்றால் இத்தனை வருஷத்து வெள்ளிக்கிழமைகளுக்கு?

வேதா விரலால் தடவிப் பார்த்தாள். கிட்டே குனிந்து பார்த்தாள். விளக்கு முழுவதும் அவள் கை போன வழியே மெல்லிய கோடுகள், வட்டத்துக்குள் வட்டமாக, கோலம் போல ஓடிக்கிடந்தன. அதற்குள் வெளிச்சம் எப்படி நேராகப் போகும்? பழைய பல்பு போட்டால் அது மங்கித் தேங்கியது. வெள்ளை பல்பு போட்டால் நாலாபக்கமும் சிதறி, எதிரே வருகிறவர்கள் கண்ணைக் குத்தியது.

கையிலிருந்த புளிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணில் அவளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கண்கள் தெளிவாக இருந்தன, நீர் நிறைந்திருந்தன.

"உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. நான்தான் தேச்சித் தேச்சி கெடுத்து வச்சிருக்கேன்" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து அழுதாள். முந்தின நாள் அழாத அழுகை அது.

இருசப்பன் அவளிடம் கோபப்படவில்லை. பக்தியில் செய்த காரியத்துக்கு எப்படிக் கோபப்படுவது? அவள் பக்கத்தில் குந்தி, "கும்பிட்டுத்தான கெடுத்த? உடு" என்றான். கஸ்தூரி படியிலிருந்தே, "காலை ஒடச்சிக்கிட்டவ நானு. எனக்கு யாரும் ஆறுதல் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்க, மூன்று பேரும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.

திங்கட்கிழமை கண் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். வேதா சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. டாக்டர் உள்ளே வெளியே எல்லாம் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு வந்தது இவருக்கு இல்லை என்றார். வயதுக்கு ஏற்றபடி கிட்டத்தில் படிக்க மட்டும் ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இருசப்பன் மலையைப் பார்த்து நின்றான். உச்சியில் ஒரு துண்டு மேகம் தங்கியிருந்தது. அதன் ஓரம்கூடத் தெரிந்தது. கைகூப்பினான்.

அங்கிருந்து நேராகப் பாலாஜி கடைக்குப் போனான். வெள்ளை பல்புகளையும் குட்டி விளக்குகளையும் பெஞ்சில் வைத்து நடந்ததைச் சொன்னான். பாலாஜிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மங்கலாக இருந்ததைப் பார்த்தும், ஏன் என்று தானும் கேட்காமல் விட்டுவிட்டேன் என்றான். அவனே வீட்டுக்கு வந்து, தண்ணீர் விட்டுத் தேய்க்கிற நைஸ் உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, களிம்பு போட்டு மெருகேற்றினான். மதியம் தொடங்கிப் பொழுது சாயும் வரைக்கும் வேலை நடந்தது. வேதா அவித்த மல்லாட்டையும் டீயும் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மெருகேறியதும் விளக்கின் உள்ளே இருந்த பல்பு, கிணற்றுத் தண்ணீரில் கிடக்கிற காசு போலத் தெரிந்தது.

இருட்டத் தொடங்கியதும் காரைச் சுவருக்கு நேரே நிறுத்தினார்கள். கஸ்தூரி ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். இருசப்பன் சுவிட்சைப் போட்டான். மஞ்சள் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியில் வாய்க்கால் வரப்பு போல ஒரே கோடாக விழுந்தது. அதற்குமேல் சிந்தவில்லை. சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசையை ஒன்று ஒன்றாகப் பார்க்க முடிந்தது. இருசப்பன் இறங்கி வரவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்து அந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறு ஆய்வில் அருணாதேவி அதே இடத்தில் போய் நின்றார். தாழ்த்தின விளக்கை நேராகப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. காரணம் கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். இருசப்பன் புளிக் கதையைச் சொன்னான். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தன் வீட்டிலும் ஸ்கூட்டர் விளக்குக்கு அம்மா என்ன செய்கிறார் என்று இன்றைக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, சான்றுக்குக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேதா பித்தளையை மட்டும்தான் புளி போட்டுத் துலக்கினாள். காருக்கு, உடுத்தி நைந்த தன் நூல் புடவையின் மெத்தென்ற முந்தானையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு போனாள். குழந்தை முகம் துடைப்பது போலத் துடைத்தாள். சந்தனத்தையும் குங்குமத்தையும் விளக்கில் வைக்காமல், அதற்குமேல் பானெட்டில் வைத்தாள். பக்தியில் ஒரு குண்டுமணி குறையவில்லை.

கார்த்திகை பிறந்த அன்று விடியலில், சென்னைக்குப் போகிறவர்களை ஏற்ற இருசப்பன் கிளம்பினான். பனிப்புகை அன்றும் இருந்தது. மலையைச் சுற்றுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக எதிரே வந்தார்கள். அவன் விளக்கைத் தாழ்த்தினான். வெளிச்சம் அவர்களுடைய வெறுங்கால்களுக்கு முன்னால் பாய் விரித்தது போல இறங்கியது. கிழவிகள் வந்தார்கள், தோளில் பிள்ளையைச் சுமந்தவர்கள் வந்தார்கள், ஒரு சாமியார் தடியோடு வந்தார். ஒருவரும் அவனைப் பார்த்துக் கையைத் தூக்கவில்லை. அண்ணாமலையானைச் சொல்லிக்கொண்டு, நடை குலையாமல், காரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பழைய வளைவில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு வந்தது. இரண்டு பக்கமும் பால் கேன். ஓடைப் பக்கம் கொஞ்சமும் ஒதுங்காமல், நடுக்கம் இல்லாமல் நேராக வந்தது. பக்கத்தில் வந்ததும் கஸ்தூரி ஹார்னை ஒரு தரம் அடித்தாள்.

"கண்ணு நல்லா தெரியுதாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

"தெரியுதும்மா" என்றான் இருசப்பன்.